குளிர்காலத்தில் அறை வாடகைக்கு இல்லை

கடலோரத்தில் பிறந்து, கடலோரத்திலேயே வீடும் கட்டிக்கொண்டு, விடுமுறைக்கும் அதே கடலோரத்துக்குப் போகிறவனை என்னவென்று சொல்வது? அதுவும் ஜனவரியில், மீன்பிடிப் படகுகளே வெளியே போக யோசிக்கும் குளிரில். புரோடர் அப்படிப்பட்ட ஆள். எங்கள் துறைமுக ஊரில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். புத்தாண்டு முடிந்ததும் மனைவி எல்கேயை அழைத்துக்கொண்டு வடக்கே அரை மணி தூரம் போவான். அங்கே வடகடல் உள்ளே வராமல் தடுக்கும் மண்ணணைக்கு இந்தப் பக்கம் சோன்கே என்பவனின் முகாம் திடல் இருக்கிறது. மார்ச் கடைசி வரை இருவரும் அதில், காரோடு கோத்து இழுக்கிற வீடு மாதிரியான ஒரு கேரவன் வண்டிக்குள் இருப்பார்கள். கிண்டல் செய்ய எனக்குத் தகுதி கிடையாது. பக்கத்து வண்டி என்னுடையது. என் பெயர் டோர்ட்டே, தனிக்கட்டை. படகுத்துறையில் டிக்கெட் கிழித்தே என் ஆயுளில் பாதி போயிற்று.

எங்களுக்கு வேறு வழியும் கிடையாது. கோடைக்காலம் விருந்தாளிகளுடையது. ஜூன் பிறந்தால் தெற்கிலிருந்து கார் காராக வந்து இறங்குவார்கள். பஸ் ஓட்டுகிறவனுக்கும் டிக்கெட் கிழிக்கிறவளுக்கும் அப்போது யார் லீவு தருவார்கள்? எல்கே தன் வீட்டு அறைகள் அத்தனையையும் வாடகைக்கு விட்டுவிடுவாள். அவளும் புரோடரும் தோட்டத்துக் கொட்டகையில் படுப்பார்கள். மகள் மரைக்கேயைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். ஒரு முறை வாடகைக்கு வந்த ஒரு அம்மா அந்தக் குழந்தையிடம், "உன் ரூம் எதும்மா?" என்று கொஞ்சலாகக் கேட்டாள். "நீங்க படுத்திருக்கீங்களே, அதுதான்" என்றது குழந்தை. ஊரே சிரித்தது. மரைக்கே அன்றைக்கும் சிரிக்கவில்லை, பிறகும் சிரிக்கவில்லை.

கடைசி விருந்தாளி போனதும் எல்கே வாசலில் ஒரு பலகையை மாட்டுவாள். 'குளிர்காலத்தில் அறை வாடகைக்கு இல்லை.' மாட்டிய பிறகும் அவளுக்கு அந்த வீட்டில் நிம்மதி வராது. "எங்க உக்காந்தாலும் யாரோ மணி அடிச்சு துண்டு கேக்கப் போற மாதிரியே இருக்கு டோர்ட்டே" என்பாள். அதனால்தான் கேரவன். அந்தத் தகரப் பெட்டிக்குள் வேறு யாரும் படுத்தது கிடையாது. அதுதான் அவளுடைய வீடு. மற்றதை அவள் ஓட்டல் என்றுதான் நினைத்திருந்தாள் என்று எனக்குத் தோன்றும்.

அந்த வண்டியை புரோடர் வாங்கியபோது நானும் அதே கடையில் அதே மாதிரி வண்டியை வாங்கினேன். இரண்டாக எடுத்தால் விலை குறைப்பதாகக் கடைக்காரன் சொன்னான். வீட்டை அடுக்கத் தெரியாத ஜென்மம் நான். என் வண்டியையும் எல்கேதான் அடுக்கினாள். கதவுக்கு இடப்பக்கம் கொக்கியில் கெட்டில், அதன் மேலே ஆணியில் தீப்பெட்டி, ஜன்னலுக்கு மேல் காப்பித் தூள் டப்பா. அவள் வண்டியில் எப்படியோ அப்படியே. சோம்பேறித்தனத்தில் நான் ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்றியதில்லை.

எல்கேயின் புத்தி தடுமாற ஆரம்பித்தது ஒரு ஜூலை மாதத்தில். நல்ல சீசனில், வீடு முழுக்க ஆள் வரவேண்டிய சனிக்கிழமை அன்று, அவள் அந்தக் குளிர்காலப் பலகையைக் கொண்டுபோய் வாசலில் மாட்டிவிட்டாள். முன்பணம் கட்டிய குடும்பங்கள் பலகையைப் பார்த்துத் திகைத்துத் திரும்பிப் போயின. வேலைக் களைப்பு என்று புரோடர் நினைத்தான். வைத்தியர் வேறு பெயர் சொன்னார். அந்தப் பெயரை புரோடர் இன்றுவரை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "அவளுக்குக் கொஞ்சம் மறதி" என்பான், அவ்வளவுதான்.

வீட்டில் எல்கே கழிப்பறைக்கு வழி கேட்பாள். கேரவனுக்கு வந்துவிட்டால் ஒரு தடுமாற்றமும் கிடையாது. காலால் பம்பை மிதித்துத் தண்ணீர் பிடிப்பாள், தீக்குச்சி கிழிப்பாள், திரும்பிப் பார்க்காமலே டப்பாவை எடுப்பாள். கை தன்பாட்டுக்குப் போகும். புரோடர் பெஞ்சில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த மூன்று மாதத்துக்காகத்தான் அவன் மற்ற ஒன்பது மாதத்தையும் தள்ளினான்.

மரைக்கே ஹாம்பர்க்கில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். தினமும் போன். "அப்பா, அந்த வண்டில திறந்த நெருப்பு இருக்கு. அம்மா என்னைக்காவது கேஸை மூட மறந்துட்டா என்ன ஆகும்? எங்க வீட்டுப் பக்கத்துல நல்ல முதியோர் இல்லம் இருக்கு. இந்தக் குளிர்காலம் பார்க்கலாம். அம்மா சமாளிச்சா சரி. இல்லன்னா பீக்கே நெருப்பு அன்னைக்கு நான் வருவேன், மறுநாள் கூட்டிட்டுப் போயிடுவேன்." பீக்கே என்பது பிப்ரவரியில் நாங்கள் அணைமேல் மூட்டும் பெரிய நெருப்பு. குளிரைத் துரத்துவதாகப் பேச்சு. குளிர் ஒரு நாளும் போனதில்லை.

அவள் சொன்னதில் தப்பில்லை. புரோடர் யோசித்து யோசித்து ஒரு காரியம் செய்தான். பழைய வண்டியைக் கடையில் தள்ளிவிட்டு, கைச்சேமிப்பையெல்லாம் போட்டுப் புது வண்டி எடுத்துவிட்டான். மனைவி மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவன்தான் இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைச் செய்ய முடியும்.

ஜனவரியில் அதை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினான். வண்டியின் கால்களுக்கு அடியில் பலகை வைக்க நான் உதவினேன். பலகை வைக்காவிட்டால் கால்கள் சேற்றோடு உறைந்துபோய் மார்ச்சில் கடப்பாரைக்கும் அசையாது.

"என்ன புரோடர், கப்பல் மாதிரி வாங்கி வெச்சிருக்க? பஸ் ஓட்டின ஆசை இன்னும் தீரலையா?"

"கேலி பண்ணாதே. தரையே சூடா இருக்குமாம். அடுப்புல நெருப்பே கிடையாது, எல்லாம் கரண்ட். மரைக்கே இனி என்ன சொல்றான்னு பார்க்கறேன்."

எல்கே படியேறி உள்ளே போனாள். இடது கையை நீட்டினாள். கெட்டில் இருக்கவேண்டிய இடத்தில் வழுவழுப்பான ஒரு அலமாரிக் கதவு இருந்தது. அந்தக் கதவின்மேல் கையை வைத்தபடி நின்றாள். சமையலறை பின்பக்கம், படுக்கை முன்பக்கம், எல்லாம் தலைகீழ்.

"யார் வீடு இது?" என்றாள்.

"நம்ம வண்டிதான் எல்கே. புதுசு."

"வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள போயிடலாம் புரோடர்."

அவள் கோட்டைக் கழற்றவே இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். வாடகைக்கு வந்தவர்கள் முதல் நாள் அப்படித்தான் உட்காருவார்கள். அடுத்த நாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே. "இங்க ராத்திரிக்கு என்ன வாங்கறாங்க?" என்று அவனிடம் ரகசியமாகக் கேட்பாள். அவன் ஏதாவது ஒரு தொகை சொல்வான். "ரொம்ப அதிகம். வெந்நீர்கூட தரல" என்று முகம் சுளிப்பாள். வாரம் போகப் போக அவனையே 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

பழைய வண்டியைத் திருப்பி வாங்க புரோடர் கடைக்குப் போன் போட்டான். வறுவல் கடை வைக்கிறவன் ஒருவன் அதை வாங்கிப்போய், உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு எண்ணெய்ச் சட்டி பொருத்திவிட்டானாம். போனை வைத்துவிட்டு புரோடர் என்னிடம் சொன்னான்: "அவ வீட்டை நானே வித்துட்டேன் டோர்ட்டே." எனக்கு வாய் நீளம். ஆனால் அன்றைக்கு அவனைத் திட்டிவிட்டால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருக்குமோ என்று நினைத்து, "மடையா" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மத்தியானம் பனியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. நான் என் வண்டியில் கையுறை தைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. எல்கே உள்ளே வந்தாள், நனைந்த கோட்டைக் கழற்றி இரண்டாவது கொக்கியில் மாட்டினாள். என்னைப் பார்க்காமலே கெட்டிலை எடுத்தாள். காலால் பம்பை மிதித்தாள். தீக்குச்சி கிழித்தாள். நீலச் சுவாலை எழுந்ததும் அவள் தோள்கள் இறங்கின. இத்தனை நாளாக மேலே தூக்கியே வைத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எல்கே..." என்றேன்.

"உக்காருங்க, உக்காருங்க. குளிர்காலத்துல அறை கிடையாது. ஆனா காப்பி இல்லாம யாரையும் அனுப்பறதில்ல."

என் வண்டியில், என் காப்பித் தூளில், என்னையே விருந்தாளியாக்கிவிட்டாள். குடித்தேன். என் வண்டியில் அவ்வளவு நல்ல காப்பி அதற்கு முன்பு யாரும் போட்டதில்லை.

புரோடர் அணைமேலும் சேற்றுக்கரையிலும் அவளைத் தேடிவிட்டு முழங்கால் வரை நனைந்து வந்து நின்றான். கதவு வழியாக அவள் கோப்பை கழுவுவதைப் பார்த்தான். அப்படியே படியில் உட்கார்ந்துகொண்டு அழுதான். பஸ் ஓட்டுகிறவர்கள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

"எழுந்திரு. படி ஈரம். என் வண்டிய நீங்க எடுத்துக்கங்க. உன் கப்பல்ல நான் படுத்துக்கறேன்."

"உனக்குத்தான் அது பிடிக்கலையே."

"எனக்கு எதுதான் பிடிக்குது?"

அன்று சாயங்காலமே மாறிக்கொண்டோம். என்னுடையதென்று எடுத்துப்போக ஒரு தலையணையும் ரேடியோவும்தான் இருந்தன. மற்றதெல்லாம் ஏற்கெனவே எல்கே வைத்த இடத்தில் இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, சூடான தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். இருட்டுகிற நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு புரோடர் வந்தான். தொப்பி, கோட்டு, கையில் விளக்கு.

"என்னைப் போகச் சொல்லிட்டா."

"ஏன்?"

"அவ வீட்டுக்காரர் வர்ற நேரமாம். வேத்து ஆம்பளை உள்ள இருந்தா நல்லா இருக்காதாம்."

"யாரு வரப் போறாங்களாம்?"

"நான்" என்றான்.

இடம் திரும்பக் கிடைத்துவிட்டது, ஆள் தொலைந்துபோய்விட்டான்.  நான்தான் சொன்னேன்: "அப்ப என்ன இங்க நிக்கற? போ. அவ காத்துக்கிட்டிருக்கா."

அவன் வெளியே போனான். பக்கத்து வண்டியின் கேஸ் சிலிண்டரைச் சரிபார்ப்பதுபோல் கொஞ்சம் நின்றான். பிறகு என் பழைய வண்டிப் படியில் பூட்ஸை இரண்டு முறை தட்டினான். களிமண் உதிர அவன் எப்போதும் தட்டுவது அப்படித்தான். கதவு படீரென்று திறந்தது.

"என்ன இவ்வளவு நேரம்? பஸ்ஸு மண்ணுல மாட்டிக்கிச்சா? பூட்ஸை வெளிய விடு புரோடர், இப்பதான் தரையைத் துடைச்சேன்."

அதுவே வழக்கமாகிவிட்டது. பகலெல்லாம் அவன் யாரோ ஒரு மனிதர், காப்பிக்கு நன்றி சொல்லும் விருந்தாளி. இருட்டியதும் அவள் அவனை மரியாதையாக வழியனுப்புவாள். அவன் அணைவரை நடந்துவிட்டு வந்து பூட்ஸைத் தட்டுவான். "பகல்ல விருந்தாளி, ராத்திரி புருஷன். ஊர்ல எவனுக்குக் கிடைக்கும் இந்த யோகம்?" என்று அவனே சிரிப்பான். தட்டியும் கதவு திறக்காத நாட்கள் உண்டு. அன்று என்னிடம் வந்து பெஞ்சில் சுருண்டு படுப்பான். விளக்கை அணைத்த பிறகு அவன் மூச்சுவிடும் சத்தம் சரியாக இருக்காது. நான் தூங்குவதுபோல் நடிப்பேன்.

பீக்கே நாள் வந்தது. ஊர்க்காரர்கள் காய்ந்த கிறிஸ்துமஸ் மரங்களையும் வேலிக் கிளைகளையும் அணைமேல் மலைபோல் குவித்திருந்தார்கள். அன்றைக்குக் கீரையும் புகைபோட்ட பன்றி இறைச்சியும் சமைத்தாக வேண்டும். எல்கே காலையிலிருந்தே சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். யார் சொல்லியும் இல்லை. கைக்கு நாள் தெரிந்திருந்தது.

மரைக்கே சாயங்காலம் வந்தாள். முதலில் என்னிடம்தான் வந்தாள். அவளிடம் எதையும் மறைக்கவில்லை, வண்டி மாறியதையும் சொன்னேன், பூட்ஸ் தட்டுவதையும் சொன்னேன்.

"அத்தை, நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். அறை சொல்லி வெச்சாச்சு. ஜன்னலைத் திறந்தா பெரிய மரம்."

"அவளுக்கு எதுக்கு மரம்? இங்க இருக்கறதுதான் அவளுக்குத் தெரியுது."

"மறுபடியும் அதே கேஸ் அடுப்பு. அப்பா தினமும் குளிர்ல நின்னு கதவைத் தட்டறார். இதுக்குப் பேர் வாழ்க்கையா? அவருக்கு ஏதாவது ஆயிட்டா நான் ரெண்டு பேரையும் பார்க்கணும்."

"அதுக்காக ஒரு அறைல கொண்டுபோய் அடைப்பியா?"

"அறையப் பத்தி நீங்க என்கிட்ட பேசாதீங்க அத்தை. எனக்குன்னு ஒண்ணு இருந்துதா? வர்றவன் போறவன் எல்லாம் என் கட்டில்ல படுத்தான். அப்பாவும் அம்மாவும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இன்னைக்கு இல்லன்னு யார்கிட்டயாவது சொன்னாங்களா?"

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவளைப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பிடித்தது.

இருவரும் என் பழைய வண்டிக்குப் போனோம். உள்ளே கீரை வாசனை, ஜன்னலெல்லாம் நீராவி. புரோடர் விருந்தாளியாக பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கதவில் நின்ற மரைக்கேயைப் பார்த்ததும் எல்கே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"மன்னிக்கணும். குளிர்காலத்துல நாங்க அறை விடறதில்ல."

"அம்மா, நான் மரைக்கே."

"நல்ல பேரு. என் பொண்ணு பேரும் அதேதான். மேல பரண்ல தூங்கறா, கொஞ்சம் மெதுவா பேசுங்க."

மரைக்கே கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எல்கே அவள் கையைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ, ஜில்லுனு இருக்கே" என்று உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். ஒரு தட்டில் கீரையும் கறியும் போட்டாள்.  வெளியே அணைமேல் நெருப்பு வைத்துவிட்டார்கள். ஜன்னல் நீராவி மெல்லச் சிவந்தது. எல்கே வெளியே பார்த்தாள், பிறகு புரோடரிடம் திரும்பினாள்.

"தப்பா நினைக்காதீங்க, இருட்டிடுச்சு. என் வீட்டுக்காரர் வர்ற நேரம்."

"ஆமா, நானும் கிளம்பணும். சாப்பாடு பிரமாதம்மா" என்று புரோடர் எழுந்தான். தொப்பியைப் போட்டுக்கொண்டான். மகளைத் தாண்டிப் போகும்போது அவள் தலையை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனான்.

மரைக்கே உள்ளங்கையால் ஜன்னலைத் துடைத்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் அப்பா நெருப்பு வெளிச்சத்துக்கு முன்னால் கறுப்பாகத் தெரிந்தார். கொஞ்ச தூரம் நடந்தார், நின்றார், முதுகை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தார். படியில் பூட்ஸை இரண்டு முறை தட்டினார்.

இன்றைக்குத் திறப்பாளா என்று எல்கேயைத் திரும்பிப் பார்த்தேன். எல்கே ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தாள்.

"எங்க போயிட்ட? கீரை ஆறுது. பூட்ஸை வெளிய விடு."

அவன் உள்ளே வந்ததும் அவள் அவன் சட்டையைப் பிடித்து அருகில் இழுத்தாள். குரலைத் தாழ்த்தியதாக அவளுக்கு நினைப்பு. அந்தச் சின்ன வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்டது.

"யாரோ பொண்ணு வந்திருக்கா. அழுதிருக்கா போல. இந்தக் குளிர்ல எங்க போவா? இன்னைக்கு ஒரு ராத்திரி நம்ம பெஞ்சுல படுத்துக்கட்டும்." பிறகு இன்னும் நெருங்கி, "வாடகை கேக்காதே" என்றாள்.

"கேக்க மாட்டேன்" என்றான் புரோடர்.

மரைக்கே தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் தோள் குலுங்கியது. எல்கே தன் கம்பளியைக் கொண்டுவந்து அவள்மேல் போர்த்தி, ஓரங்களை உள்ளே செருகினாள். நான் வெளியே வந்துவிட்டேன். அணைமேல் ஊர்க்காரர்கள் ரம் கலந்த தேநீரைக் குடித்துக்கொண்டு பாடினார்கள். எனக்கு அவர்கள் எல்லோர்மேலும் எரிச்சலாக இருந்தது.

காலையில் சாம்பல் வாசனையும் மூடுபனியும். மரைக்கே காரின் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். காருக்குள் அவள் மட்டும்தான் ஏறப் போகிறாள் என்று பின் சீட்டில் இருந்த ஒரே பையைப் பார்த்தே தெரிந்தது. "மார்ச் கடைசி வரைக்கும் அத்தை. அதுக்கப்புறம் முடியாது" என்று என்னிடம் சொன்னாள். "அது போதும்" என்றேன். அது போதாது என்று இருவருக்கும் தெரியும்.

எல்கே ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். காரில் ஏறி உட்கார்ந்துவிட்ட மரைக்கேயின் மடியில் ஜன்னல் வழியாக வைத்தாள்.

"கோடையில வாம்மா. அப்ப அறை இருக்கும்."

"வரேன்" என்றாள் மரைக்கே.